நீலத்தாள் கேரண்டி

தான் வேலை பார்க்கும் பஸ்ஸில், தான் வாங்கிய ரேடியோவுக்குத் தானே டிக்கெட் கிழித்த கண்டக்டர் மலாக்காவில் கலியாணசுந்தரம் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"மனுஷன் உக்கார வேண்டிய சீட்டுல இது உக்காந்திருக்கு. டிக்கெட் இல்லேன்னா செக்கர் என்னையக் கேப்பாரா, இதையக் கேப்பாரா?" என்று பஸ்ஸுக்குள் எல்லோரிடமும் நியாயம் பேசி, பதினைந்து காசு டிக்கெட் ஒன்றைக் கிழித்து, இடுக்கியால் ஓட்டை போட்டு, ரேடியோவின் குமிழில் செருகினார். பக்கத்தில் இருந்த, சோயாக் கட்டி விற்கும் தவ்ஃபூ வியாபாரி அந்தப் பெட்டியைப் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டிரைவர் தியாகு, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் மாட்டு வண்டியை ஓட்டுவதுபோல ஓட்டினார். புங்கா ராயா சாலையிலிருந்து கஜா பெராங்குக்குப் பத்து நிமிஷம். அன்றைக்கு அரை மணி ஆயிற்று. ஒருவரும் கேட்கவில்லை.

அது 1957 ஆகஸ்ட் பத்தாம் தேதி, சனிக்கிழமை. மெர்டேகாவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, இன்னும் மூன்றே வாரம். ஊருக்கே அப்போது தலை கிறுகிறுத்துப் போயிருந்தது. நாவிதர் கடையில் முடி வெட்டுகிறவர்கூட வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சுதந்திரம் பேசினார். பாதித் தலையோடு ஆட்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாதாரண நாளிலேயே சந்தோஷத்தை அடக்கத் தெரியாத கலியாணசுந்தரத்தைக் கேட்கவா வேண்டும்?

செங் என்ற ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பிறந்தவர் அவர். ஜப்பான்காரன் போனதும் பட்டணத்துக்கு வந்து, காக்கிச் சட்டை மாட்டி, டவுனுக்கும் செங்குக்கும் போய்வரும் பஸ்ஸில் பத்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தொன்று. ஒரே மகள் கோகிலா கல்யாணமாகிச் சிரம்பானில் இருந்தாள். கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. அதில் அவரும், தையல் மெஷினும், அந்த மெஷினை மிதிக்கிற மனைவி சாரதாம்பாளும். சுதந்திரம் பிரகடனமாகிற குரலைத் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து தன் காதால் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் ரேடியோ.

ரேடியோவை விற்றவர் யூசுப். புங்கா ராயா சாலை ரேடியோ கடையின் விற்பனையாளர், முப்பத்தைந்து வயது, தேனில் தோய்த்து எடுத்த நாக்கு.

"அண்ணே, இது ரேடியோ இல்ல, யானை. அதுவும் போகப்போறது கஜா பெராங்குக்கு. யானை ஊருக்கு யானை! அஞ்சு வால்வு, தேக்குப் பெட்டி. பத்து வருஷம் கழிச்சு உங்க பேரப்புள்ளைங்க இதுல பாட்டு கேக்கும், எழுதி வெச்சுக்குங்க" என்றார்.

கலியாணசுந்தரம் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டார். பணத்தைக் கொடுத்தார். ரசீது வந்தது. பிறகு யூசுப் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நீலத்தாளை எடுத்தார். குரல் திடீரென்று நோயாளி வீட்டுக்கு வந்தவர் குரலாக மாறியது.

"அண்ணே, முதல் வருஷம் கம்பெனியே கேரண்டி குடுக்குது, அது இலவசம். அதுக்கப்புறம்தான் பயம். நம்ம ஊரு புழுக்கம் தெரியும்ல? மழை, ஈரம், கடல் காத்து... உள்ளே என்ன ஆகும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். முப்பது வெள்ளி கட்டுங்க. ரெண்டாவது வருஷம், மூணாவது வருஷம், எது கெட்டு ரோசாக் ஆனாலும் எங்க பொறுப்பு. நிம்மதியா தூங்கலாம்."

"முப்பதா?"

"அவசரமில்ல. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கப்புறம் எங்க தவுக்கே, முதலாளியே கேட்டாக்கூட கிடைக்காது."

அந்த நீலத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவர் பஸ் ஏறினார்.

வீட்டில் சாரதாம்பாள் தரை முழுவதும் துணியைப் பரப்பிக் கொடி தைத்துக்கொண்டிருந்தாள். புதுக்கொடிக்குப் பதினோரு கோடு, பிறையோடு பதினோரு முனை நட்சத்திரம். கோடு தைப்பது சுலபம். நட்சத்திரம்தான் உயிரை வாங்கியது. பத்து முனை வரை ஒழுங்காக வரும். பதினொன்றாவதுக்கு இடம் இருக்காது. வீடெங்கும் பத்து முனை மஞ்சள் நட்சத்திரங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றை மிதிக்காமல், பெட்டியைத் தூக்கியபடி, கலியாணசுந்தரம் கூத்தாடுகிறவர் மாதிரி தாண்டித் தாண்டி வந்தார்.

ஜன்னலுக்கு வெளியே இருந்த ரம்புத்தான் மரத்துக்கு ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டி, குமிழைத் திருகினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ரேடியோவின் நெற்றியில் ஒரு பச்சைக் கண் மெதுவாகத் திறந்தது. அதற்கப்புறம் நாதஸ்வரம். வீடு சின்னது, நாதஸ்வரம் பெரியது. சுவரில் இருந்த பல்லிகள் ஓடின. கலியாணசுந்தரம் சாரதாம்பாளின் இரண்டு கையையும் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். அவள் வாயில் குண்டூசி வைத்திருந்ததால் திட்ட முடியவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் கருணாகரன் பிள்ளை ஓடிவந்தார். அவர் மலாக்காச் செட்டி. சாமி பெயரெல்லாம் தமிழ், பேச்சு முழுக்க மலாய். வாசலில் நின்று, கண்ணை அகல விரித்து, "வா, கல்யா! ரேடியோ பாரு!" என்றார். புது ரேடியோ என்பது அதன் அர்த்தம். தமிழில் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் கலியாணசுந்தரம் நீலத்தாளை மனைவியிடம் காட்டினார். அவள் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"பத்து வருஷம் உழைக்கும்னு சொன்னது யாரு?"

"யூசுப்பு."

"ரெண்டாவது வருஷமே கெட்டுப் போகலாம்னு சொன்னது?"

"அதுவும் யூசுப்புதான்."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"அந்தப் பத்து நிமிஷத்துல ரேடியோவுக்கு என்ன வியாதி வந்துச்சாம்?"

கலியாணசுந்தரத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் இருந்தது. அவருக்குச் சந்தோஷம் எவ்வளவு வேகத்தில் வருமோ பயமும் அவ்வளவு வேகத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, அது பாடப் பாட, அது பாடாமல் போகும் நாளை நினைத்துக் கவலைப்பட்டார். கொஞ்சம் கரகரத்தால் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டார். செய்தி வாசிப்பவர் தொண்டையைக் கனைத்ததற்குக்கூட எழுந்து போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் தியாகுவிடம் கேட்டார்.

"வாங்கிடு லா" என்றார் தியாகு, ஸ்டியரிங்கைத் திருப்பியபடி. "இந்த ஓட்டை பஸ்ஸுக்கே இன்சூரன்ஸ் கட்டுறாங்க."

"வாங்காதீங்க!" என்று பின் சீட்டிலிருந்து ஓர் அம்மாள் கத்தினார். "எங்க வீட்டு ரேடியோ ஆறு வருஷமா ஓடுது. ஒரு நாளும் ஒண்ணும் ஆகல."

"எங்க வீட்டுது ஒரே வாரத்துல புகைஞ்சிடுச்சு" என்றார் முன்னால் இருந்த வாத்தியார்.

அவ்வளவுதான். பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே அந்தப் பஸ்ஸுக்குள் பேச்சுச் சுதந்திரம் வந்துவிட்டது. தமிழில், மலாயில், ஹொக்கியன் சீனத்தில் ஒரே நேரத்தில் வாதம் நடந்தது. மூன்று பேர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் வாதத்தை முடிப்பதற்காகவே செங் வரை வந்து அதே பஸ்ஸில் திரும்பினார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் கலியாணசுந்தரத்துக்கு யோசனை வந்தது. யாராவது ஒருவர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? நாளுக்கு நானூறு பேர் தன் பஸ்ஸில் ஏறுகிறார்களே, அத்தனை பேரையும் கேட்டால் என்ன?

டிக்கெட் கட்டின் பின்னால் வரும் கெட்டி அட்டையை எடுத்தார். பென்சிலால் மூன்று பாகமாகக் கோடு போட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் ரேடியோ வைத்திருப்பவர்களை மட்டும் கேட்பது என்று முடிவு. ஒரு தடவையும் கெட்டதில்லை என்றால் மேலே ஓர் ஓட்டை. முதல் வருஷத்துக்குள் கெட்டிருந்தால் இடப்பக்கம். இரண்டாவது மூன்றாவது வருஷத்தில் என்றால் வலப்பக்கம்.

"ஒரு செங், பதினஞ்சு காசு. உங்க வீட்டு ரேடியோ ரோசாக் ஆகியிருக்கா?"

செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதே பேச்சு. தவ்ஃபூ வியாபாரி வீட்டு ரேடியோவின்மேல் சூடு இதமாக இருக்கிறதென்று ஒரு பூனை படுக்கும். போன வருஷம் அங்கேயே நான்கு குட்டி போட்டது. ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே ஓர் ஓட்டை. மக்சிக் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு மலாய் அம்மாள் வீட்டில் இடி விழுந்து ரேடியோவோடு தென்னை மரமும் போயிற்று. வலப்பக்கம். இன்னொரு வீட்டில் உள்ளே பல்லி புகுந்து கருகிவிட்டது. வலப்பக்கம். துணிக்கடைக் கணக்கப்பிள்ளை கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார்: "தீபாவளிக்கு வீடு கழுவினோம். என் மாமியார் ரேடியோவையும் கழுவிட்டாங்க. சோப்பு போட்டு." பஸ் சிரித்த சிரிப்பில் தியாகு ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

புதன்கிழமை மத்தியானம், கஜா பெராங் நிறுத்தத்தில் செக்கர் பொன்னுதுரை ஏறினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, இலங்கைத் தமிழர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் அவசரமாகத் தங்கள் டிக்கெட்டைத் தேடினார்கள். அவர் கலியாணசுந்தரத்தின் கையிலிருந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது நாற்பது ஓட்டை வழியாகச் சூரியன் அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"என்ன காணும் இது? இப்பிடி ஒரு டிக்கெட் கம்பெனியிலை இல்லையே?"

கலியாணசுந்தரம் இடுக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வேலை போனால் ரேடியோ கேட்டு என்ன பயன்? திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். நீலத்தாளையும் காட்டினார்.

பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றினார். "உந்தத் தாளைத்தான் நானும் வாங்கினனான்!" என்றார். குரல் உயர்ந்தது. "வேறை கடை. நாலு வரியத்துக்கு முந்தி. ரெண்டாம் வரியம் வால்வு போயிட்டுது எண்டு தூக்கிக்கொண்டு போனன். 'ஐயா, பின்பக்கம் வாசிச்சனீங்களோ?' எண்டு கேட்டவங்கள். வால்வு கேரண்டியிலை இல்லையாம்! ரேடியோவிலை வால்வைத் தவிர வேறை என்ன காணும் இருக்கு?"

அவர் கலியாணசுந்தரத்தின் இடுக்கியை வாங்கித் தன் கையாலேயே வலப்பக்கம் ஓர் ஓட்டை போட்டார். பஸ் கைதட்டியது. செக்கர் அன்றைக்கு யாருடைய டிக்கெட்டையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் கலியாணசுந்தரத்துக்கு உறைத்தது: நான்கு நாளாகச் சட்டைப்பையில் சுமந்த தாளின் பின்பக்கத்தை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. திருப்பினார். எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலம்.

வேலை முடிந்ததும் பாசார் சந்தைக்குப் பின்னால் ரேடியோ பழுது பார்க்கும் ஜெயபாலனிடம் போனார். ஜெயபாலன் யுத்தத்தில் பட்டாளத்துக்குத் தந்திக் கருவி பார்த்தவர். இப்போது ஒரு மரப்பெட்டி அளவு கடையில், திறந்த வயிறுகளோடு கிடக்கும் ரேடியோக்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படித்தார்.

"வால்வு சேராது. பெட்டி சேராது. முள் ஓடுற நூல் சேராது. இடி, வெள்ளம், ஈரம், பூச்சி, பல்லி..."

"பல்லி போட்டிருக்கா?"

"ஊர்வன எல்லாம்னு போட்டிருக்கான். வேற ஆள் தொறந்தாலும் சேராது."

"அப்போ எதுதான் சேரும்?"

ஜெயபாலன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குமிழ் சேரும்னு நெனைக்கிறேன்" என்றார்.

பிறகு சூடுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கண்டக்டரே, கெட்டுப்போற ரேடியோ பெரும்பாலும் வாங்கின மூணு நாலு மாசத்துலயே கெட்டுப்போயிடும். செய்யும்போதே கோளாறு. அதுக்குக் கம்பெனி கேரண்டி இருக்கு, சும்மாவே. அதைத் தாண்டிட்டா ஆறேழு வருஷம் ஓடும். அப்புறம் கெழடு தட்டும். இந்த நீலத்தாள் எந்த வயசுக்குன்னு பாருங்க. நடுவுல, கல்லு மாதிரி இருக்கற வயசுக்கு."

கலியாணசுந்தரம் சந்தோஷத்தில் துள்ளப் போனார். சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "ஏங்க, நீங்க ரிப்பேர் பண்றவரு. நான் கேரண்டி வாங்கலேன்னா, ரோசாக் ஆனா உங்ககிட்டதானே வரணும்? உங்களுக்குத்தானே லாபம்?"

ஜெயபாலன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இந்தக் கேள்விய யூசுப்பைக் கேட்டிருக்கணும்! என்னையும் நம்பாதீங்க. உங்க அட்டை என்ன சொல்லுது?"

இருவரும் ஓட்டைகளை எண்ணினார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. மேலே முப்பது. இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கம் ஆறு, அந்த ஆறில் ஒன்று இடி, ஒன்று பல்லி, ஒன்று மாமியார், மூன்று வால்வு. நீலத்தாள் காப்பாற்றியிருக்கக்கூடியது ஒன்றுகூட இல்லை.

"வால்வு மாத்த என்ன ஆகும்?"

"ஏழு எட்டு வெள்ளி. ரெண்டு நாள் வீட்டுல சத்தம் இருக்காது. அவ்வளவுதான். அதைத் தாங்கமாட்டேன்னு ஒருத்தனுக்கு இருந்தா, அவன் வாங்கட்டும். வீடு எரிஞ்சா தாங்கமாட்டோம், அதுக்குக் கட்டுறோம். ரேடியோ நின்னா தாங்க முடியாதா?"

கலியாணசுந்தரம் அட்டையைப் பையில் வைத்தார். "ரெண்டு நாள் என் சம்சாரம் பேசுறது மட்டும்தான் கேக்கும். தாங்கிக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை கடைக்குப் போனபோது யூசுப் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"வேணாம் யூசுப்பு."

"அண்ணே, யோசிச்சுப் பாருங்க. ராத்திரி தூக்கம்..."

"நல்லா வருது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டு ரேடியோவுக்கு இந்தத் தாள் வாங்கினீங்களா?"

யூசுப் பேனாவை மூடினார். உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். தவுக்கே அங்கே இல்லை.

"அண்ணே, டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

இரண்டு பேரும் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்தார்கள். பத்துத் தாள் விற்றால் தவுக்கே ஒரு சட்டைத்துணி தருவார் என்றும், இதுவரை ஒன்பது விற்றாகிவிட்டதென்றும் யூசுப் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கலியாணசுந்தரத்துக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. டீக்குக் காசும் கலியாணசுந்தரமே கொடுத்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட சாரதாம்பாள் கையை நீட்டினாள்.

"அந்த முப்பதை எங்கிட்ட குடுங்க. நான் தர்றேன் கேரண்டி. மூணு வருஷம்."

"நீயா?"

"பின்ன? வால்வு, பல்லி, இடி எல்லாம் சேரும். பல்லிய நானே வெரட்டுவேன். யூசுப்பு வெரட்டுவானா?"

கலியாணசுந்தரம் பணத்தைக் கொடுத்தார். ஆனால் எழுத்தில் வேண்டும் என்று அடம்பிடித்தார். அவள் நட்சத்திரம் வரைந்த காகிதத்தின் ஓரத்தில், தைக்கும் பென்சிலால், 'ரேடியோவுக்கு நான் பொறுப்பு. அதைப் பார்த்து ஆடக் கூடாது. சாரதாம்பாள்' என்று எழுதிக் கொடுத்தாள். முப்பது வெள்ளிக்கும் மறுநாளே சிவப்பும் வெள்ளையுமாகத் துணி வாங்கிவிட்டாள். கொடி கேட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். பதினொன்றாவது முனை அந்த வாரம்தான் அவள் கைக்குப் பிடிபட்டிருந்தது.

ஆகஸ்ட் முப்பத்தோராம் தேதி காலை எட்டு மணிக்கெல்லாம் அந்த வீட்டில் ஊசி போட இடமில்லை. தியாகு குடும்பத்தோடு வந்தார். செக்கர் பொன்னுதுரை கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயபாலன் வந்தார். யூசுப்பும் வந்தார், புதுச் சட்டையில். பத்தாவது தாளும் விற்றுவிட்டது போலும். கோலாலம்பூரில் மழையாம், ஒரு மணி நேரம் தாமதமாம் என்று ரேடியோ சொன்னது. நாற்பது பேர் ஒரே குரலில் மழையைத் திட்டினார்கள்.

மழை விட்டது. விழா தொடங்கியது. வாத்தியங்கள் முழங்கின. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குரல் சட்டென்று தேய்ந்து, 'உஸ்' என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது.

நாற்பது தலைகள் கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பின. யூசுப் மெதுவாக, "அண்ணே, அந்தத் தாள்..." என்று ஆரம்பித்தார்.

"முதல் வருஷம்டா இது!" என்று ஜெயபாலன் அதட்டினார்.

"தள்ளுங்க. கேரண்டி குடுத்தவ நான்" என்று சாரதாம்பாள் எழுந்தாள். பச்சைக் கண்ணைப் பார்த்தாள். வெளிச்சம் இருந்தது. பெட்டிக்குப் பின்னாலிருந்து கம்பியைக் கையால் தொடர்ந்துகொண்டே ஜன்னலுக்குப் போனாள். வெளியே கருணாகரன் பிள்ளை அவள் தைத்த கொடியை ரம்புத்தான் மரத்தைவிட உயரமான மூங்கிலில் ஏற்றிவிட்டு, பெருமையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கிலில் மாட்டி ஏரியல் கம்பி அறுந்து தொங்கியது.

"ஆலாமாக்!" என்றார் பிள்ளை, தலையில் கை வைத்து.

மரம் ஏற நேரமில்லை. கலியாணசுந்தரம் ஜன்னல் வழியாக எட்டி அறுந்த முனையைப் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் உள்ளே குரல் கொஞ்சம் திரும்பியது. கையை உயர்த்தினார், குரலும் உயர்ந்தது. முக்காலிமேல் ஏறி, கையை முடிந்தமட்டும் மேலே நீட்டினார். பிரகடனம் கணீரென்று அறை முழுவதும் நிறைந்தது.

"அப்படியே நில்லுங்க!" என்றாள் சாரதாம்பாள்.

"ஜாங்கான் கெராக்!" என்று பிள்ளையும் வெளியிலிருந்து அதையே மலாயில் கத்தினார்.

அவர் அசையவில்லை. பிரகடனம் நீளமாக இருந்தது. தோள் கடுத்தது, விரல் மரத்தது. தியாகு ஒரு பக்கம் முழங்கையைத் தாங்கினார். எந்தக் கண்டக்டருக்கும் எழுந்து நிற்காத பொன்னுதுரை, நாற்காலியை விட்டு எழுந்து வந்து முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த முழக்கம் வந்தது. மெர்டேகா! அறையில் அத்தனை கைகளும் மேலே போயின. மெர்டேகா! ஏற்கெனவே கையை உயர்த்திவிட்டவர் கலியாணசுந்தரம் ஒருவர்தான். அவருக்கு உயர்த்த வேறொன்றும் இல்லை. மெர்டேகா! குரலை உயர்த்தினார். ஐந்தாவது முழக்கத்தில் தாங்க முடியாமல் ஒரு குதி குதித்தார். ரேடியோ 'கர்' என்றது, நாற்பது பேரும் "டேய்!" என்றார்கள், அவர் மறுபடி முக்காலியில் இறங்கியதும் ஆறாவது முழக்கம் முழுசாக வந்து விழுந்தது. ஏழாவதுக்குச் சாரதாம்பாளின் குரல்தான் எல்லோரையும்விட மேலே கேட்டது. அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவர் கீழே குனிந்து அதைப் பார்த்தார். கை கம்பியில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

மத்தியானம் ஜெயபாலன் கம்பியை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சட்டி நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வந்தது.

அந்த ரேடியோ அதற்குப் பிறகு பதினைந்து மாதம் ஒழுங்காகப் பாடியது. 1958 டிசம்பரில் ஒரு சாயங்காலம் பச்சைக் கண் மங்கியது. வால்வு. எட்டு வெள்ளி. கலியாணசுந்தரம் எழுத்தை எடுத்து நீட்டினார். சாரதாம்பாள் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "ஆடக் கூடாதுன்னு எழுதியிருக்கேனே, போன தீபாவளிக்கு ஆடினது யாரு?" என்று கேட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் வீட்டில் சத்தமில்லை என்று சொல்ல முடியாது. அவளுக்குப் பாடவும் வரும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் அவரை ஆயர் குரோ போகும் பஸ்ஸுக்கு மாற்றினார்கள். புது வழி, புது முகங்கள். பழையபடி பேசிச் சிரிக்க ஆள் இருக்காதே என்று முதல் நாள் கொஞ்சம் சோர்ந்துதான் ஏறினார். இரண்டாவது நிறுத்தத்தில் அஞ்சலை என்ற அம்மாள், மடியில் புது மின்சார இஸ்திரிப் பெட்டியோடு ஏறினார்.

"கண்டக்டர் அண்ணே, செங் பஸ்ஸுல இருந்தவரு நீங்கதானே? முடுக்குக் கடையில இதுக்கு ரெண்டு வருஷம் கூடுதல் கேரண்டி வாங்கச் சொல்றாங்க. அஞ்சு வெள்ளியாம். வாங்கலாமா?"

கலியாணசுந்தரத்தின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. எதிர் சீட்டில் உட்கார்ந்தார். "தாளைக் குடுங்க. மொதல்ல பின்பக்கத்தப் பாப்போம்" என்றார். பிறகு எழுந்து நின்று பஸ் முழுவதுக்கும் கேட்கும்படி, "ஐயா, அம்மா, யாரு வீட்டுலயெல்லாம் மூணு வருஷமா இஸ்திரிப் பெட்டி இருக்கு?" என்று குரல் கொடுத்தார்.

ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. அட்டை தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது டிரைவர், "அண்ணே, மணி அடிங்க! ஸ்டாப்பு தாண்டிப் போச்சு!" என்று கத்தினார்.